பிரதம லிகிதரின் தவக்காலம்

"இன்டர்நெட் எல்லாம் வாறதுக்கு முந்தி ஆக்கள் என்னதான்டி செஞ்சிக்கிட்டு இருந்திருப்பாங்க?"

"என்னத்தச் செய்யிறது? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க. பாவம்."

பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் இரண்டு கம்பஸ் பிள்ளைகள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற றெஜினோல்டுக்கு அந்தக் கடைசிச் சொல் சுட்டுவிட்டது.

பாவமாம்! அரசாங்கக் கச்சேரியில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தாறு வருடம் வேலை செய்து, பிரதம லிகிதராக ஓய்வு பெற்ற மனிதரைப் பார்த்துப் பாவமாம்! அவர் கையொப்பம் இல்லாமல் ஒரு கடிதம் கவுண்டரைத் தாண்டியதில்லை. ஒரு பந்தி பிசகினால் எந்தக் கொம்பனின் விண்ணப்பமும் திரும்பிப் போகும். அதெல்லாம் இன்டர்நெட் இல்லாமல் நடந்ததுதான்.

கண்டியில் இறங்கி அம்பிட்டிய பஸ் ஏறும்போது அது வெறும் கோபமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் எழுபத்துநாலு படிகளின் அடியில் வந்து நின்றபோது தீர்மானமாகிவிட்டது. மூச்சு வாங்க ஏறி முடிப்பதற்குள், அந்தத் தீர்மானத்துக்குள்ளே தனக்கு ஒரு லாபமும் ஒளிந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

லாபம் இதுதான். அவருடைய மனைவி டொரதிக்கு, பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஒன்பது பேர் ஏழெட்டு மாதத்துக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு குறூப்பாகக் கிடைத்திருந்தார்கள். கிடைத்த நாளிலிருந்து டொரதியின் போன் வாய் மூடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம் பத்துப் பேரும் வேன் பிடித்து மன்னாருக்குப் போகப் போகிறார்களாம். மடு மாதா கோயில், திருக்கேதீஸ்வரம், கடல். நாலு நாள்.

"எண்பத்து மூணுல ஆகஸ்ட் லீவுக்குப் போக இருந்தோம், ஷேன் அப்பா," என்று டொரதி சொல்லியிருந்தாள். மகன் ஷேன் டோஹாவில் இருந்தாலும், அவள் கணவரைக் கூப்பிடுவது அவன் பெயரை வைத்துத்தான். "பெட்டி கூடக் கட்டி வெச்சிட்டேன். ஜூலைக் கலவரத்தோட எல்லாம் நின்னு போச்சு. பிறகு ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பக்கம். இந்த முறையாவது போயிட்டு வாறேனே."

றெஜினோல்ட் முடியாது என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். கச்சேரியில் ஒரு கோப்பைப் பார்த்து அவர் பார்க்கலாம் என்றால், அந்தக் கோப்பு அடுக்கின் அடிக்குப் போய்விட்டது என்று பொருள். நாலு நாள் டொரதி இல்லாவிட்டால் தேத்தண்ணி யார் ஊற்றுவது? அவருக்குச் சுடுதண்ணீர் கேத்தலைப் போடும் ஆளி, அந்தச் சுவிட்ச், எந்தப் பக்கம் என்பதே ஐயம். அதை வெளியே சொல்ல முடியாததால், மன்னார் வெயில் அவள் உடம்புக்கு ஒத்துவராது என்று சொல்லி வைத்திருந்தார்.

குசினியில் டொரதி பலாக்கொட்டை சுரண்டிக்கொண்டிருந்தாள். றெஜினோல்ட் தொண்டையைச் செருமினார்.

"டொரதி, நாளைக்கு விபூதிப் புதன்."

"தெரியும். மீன் வாங்க வேணும்."

"இந்தத் தவக்காலத்துல நாம பெரிய ஒறுத்தல் ஒண்டு செய்யப் போறோம்."

"இறைச்சியா? அத வருசா வருசம் விடுறீங்கதானே. வெள்ளிக்கிழமை விடுறத ஞாயித்துக்கிழமை சேர்த்துப் பிடிச்சிர்றீங்க."

"இறைச்சி இல்ல. போன். நாப்பது நாளைக்கு ரெண்டு போனையும் அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டுறோம். அந்தக் காலத்துல மனுசர் எப்பிடி வாழ்ந்தாங்களோ அப்பிடி வாழ்ந்து காட்டுறோம்."

டொரதி மூன்று கொட்டை சுரண்டும் நேரம் யோசித்தாள்.

"என்ட போனும்?"

"ரெண்டும்."

"சாவி?"

"என்கிட்ட."

"சரி," என்றாள்.

றெஜினோல்ட் பதினொரு வாதங்களைத் தயார் செய்துகொண்டு படியேறியிருந்தார். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. மனம் கேட்காமல் அவற்றில் மூன்றையாவது சொல்லித் தீர்த்தார். டொரதி அதற்கும் சரி என்றாள். நாற்பது நாள் பதில் போடாமல் இருந்தால் எந்தக் குறூப்தான் நிற்கும், எந்த வேன்தான் வரும் என்று எண்ணியபடி அவர் அன்று இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தார்.

முதல் வாரம் கை கேட்கவில்லை. பஸ் தரிப்பில் நின்றால் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். அங்கே அலுமாரிச் சாவி இருக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மணி எத்தனை என்று உற்றுப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல விலகி நிற்பார்கள். ஒரு நாள் பல் வைத்தியரைப் பார்க்க விடியற்காலையில் போய், மூடிய கதவுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றார். வரிசையில் அவர் ஒருவர்தான். வைத்தியர் ஒஸ்ரேலியாவுக்குப் போய்ப் பத்து நாளாகிறதென்று எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேன், படியடியில் இருக்கும் பவாஸ் நாநாவின் கடை போனுக்குத்தான் எடுக்க வேண்டியிருந்தது. றெஜினோல்ட் பாண் வாங்க வந்தவர்களுக்கு நடுவில் நின்று மகனோடு பேசினார்.

"என்னப்பா, உங்க போன் உடைஞ்சிட்டா?"

"இல்ல மகன். நாங்க தவக்காலத்துக்கு விட்டிருக்கிறோம்."

"அம்மாவும் விட்டுட்டாவா?" ஷேனின் குரலில் ஆச்சரியம் இருந்தது. "ஒண்டும் சொல்லல்லயா?"

"சரி எண்டு சொன்னா."

"சரி எண்டா? வேற ஒண்டும் சொல்லல்லயா? அப்பா, கொஞ்சம் கவனமா இருங்க."

பாண் வாங்க வந்தவர்கள் எல்லோரும் றெஜினோல்டை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் டொரதியின் போன் 'டிங்' என்றால் போதும், "யாரது?" என்பார். அவள் சொல்லுவாள். சொல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போலப் பின்னால் போய்த் தோளுக்கு மேலால் எட்டி வாசிப்பார். இப்போது டிங்கும் இல்லை, எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறதென்றே அவருக்குத் தெரியவில்லை. அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரம் டொரதி ஒரு கடிதக் கொப்பியும் ஒரு கட்டுத் தபாலுறையும் வாங்கித் தரச் சொன்னாள்.

"போன் இல்லையே. நாலு பேரோட கதைக்கிறதெண்டா எழுதத்தானே வேணும்?"

றெஜினோல்டுக்குக் கண் கலங்கப் பார்த்தது. கடிதம்! தன் வீட்டில் மறுபடி கடிதம்! கடிதக் கொப்பியோடு ஊற்றுப் பேனையும் வாங்கி வந்தார். பெறுநர் விலாசம் எங்கே தொடங்க வேண்டும், அனுப்புநர் விலாசம் எங்கே முடிய வேண்டும் என்று ஒரு மாலை முழுக்க விளங்கப்படுத்தினார். அவள் ஒட்டித் தந்த உறைகளைத் தன் கையாலேயே தபாற் கந்தோருக்குக் கொண்டுபோனார். முத்திரையைக் கோணாமல் ஒட்டினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. மனைவியின் போனைத் தோளுக்கு மேலால் வாசிப்பதில் அவருக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. ஒட்டிய உறை வேறு. அதைப் பிரிப்பவன் லிகிதரே அல்ல.

தபால்காரர் எழுபத்துநாலு படியைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுவிட்டுக் கடிதங்களைப் பவாஸ் நாநாவின் கடையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

"ஸேர், இண்டைக்கும் மெடத்துக்கு நாலு கடிதம் ஈக்குது," என்பார் பவாஸ். "உங்களுக்கு லைட் பில் ஒண்டு."

"அந்தக் காலத்துல இப்பிடித்தான் பவாஸ். ஒரு நாளைக்கு நாலு கடிதம் வரும்."

"ஒங்களுக்கு எத்தின வரும் ஸேர்?"

றெஜினோல்ட் பில்லை வாங்கிக்கொண்டு படியேறினார்.

கடிதத்தோடு நிற்கவில்லை. ஆட்களும் வரத் தொடங்கினார்கள். போன் இருந்த காலத்தில் "வரட்டுமா?" என்று கேட்பார்கள், இவர் ஏதாவது சாட்டுச் சொல்லச் சொல்லுவார். இப்போது கேட்காமலே வந்தார்கள். கலஹாவிலிருந்து, டொரதியோடு படித்த அனற் வந்தாள், சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு. உயரமும் பருமனுமான பெண். சிரித்தால் தட்டு அலுமாரி அதிரும். றெஜினோல்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய மீன் துண்டை அவளுக்குப் போட்டார்கள்.

"போன் எடுத்தா எடுபடுதில்ல அண்ணன். அதான் பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்திட்டேன்," என்றாள் அனற், முள்ளை எடுத்தபடி.

"நல்லது. அந்தக் காலத்துல இப்பிடித்தான்," என்றார் றெஜினோல்ட், தன் தட்டில் இருந்த வாலைப் பார்த்தபடி.

பிறகு அவர்கள் குசினிக்குள் போய் இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். இவர் தண்ணீர் குடிக்கப் போனபோதெல்லாம் பலாக்கொட்டையைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பலாக்கொட்டையில் பேச இவ்வளவு இருக்கிறதா என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு பின்னேரம் கலாராணி வந்தாள். பத்துப் படி கீழே இருக்கும் வீடு. தமிழ் ரீச்சர். டொரதியின் வகுப்புத்தான் அவளும். முந்தானையைப் பிசைந்துகொண்டு கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரரு விடமாட்டேங்கிறாரு."

"யோகராஜா? எங்க விடமாட்டேங்கிறான்?"

"ஈஸ்டர் முடிஞ்சு நாலு நாளு, கூட்டாளிகளோட மன்னாருக்கு. வெயில்ங்கிறாரு. சாப்பாட்டுக்கு என்ன செய்யிறதுங்கிறாரு."

றெஜினோல்ட் சட்டென்று டொரதியைப் பார்த்தார். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அப்ப டொரதிட அந்தக் குறூப்...?"

"அதெல்லாம் போனுக்குள்ள பூட்டிக் கெடக்கு அண்ணே," என்றாள் கலாராணி.

அப்படியென்றால் இது கலாராணியோடு படிப்பிக்கும் ரீச்சர்மாரின் பயணமாக இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். தன் வீட்டுக் கதவு பத்திரமாகப் பூட்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த வீட்டுக் கதவை அகலத் திறந்து வைக்க மனம் வருகிறது. றெஜினோல்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன மனுசன் இவன்! நாலே நாலு நாள். பெண்சாதி எண்டா என்ன, அடிமையா?"

"அப்பிடிச் சொல்லுங்க," என்றாள் டொரதி, சுளகை நிறுத்தாமல்.

"நாலு நாளைக்குத் தானே சமைச்சுச் சாப்பிட்டா யோகராஜ் செத்தா போவான்?"

"கேளுங்க அண்ணே, நல்லாக் கேளுங்க."

"வாயால கேட்டுப் பிரயோசனம் இல்ல கலாராணி. இண்டைக்கு ஓம் எண்டு சொல்லுவான், நாளைக்கு மாறுவான். எழுத்துல வாங்க வேணும். சம்மதக் கடிதம்!"

"அவருக்கு அப்பிடி எழுத வராதே அண்ணே. உங்களுக்கு வாற உத்தியோகத் தமிழ் யாருக்கு வரும்?"

பேனையின் மூடி அதற்குள் கழன்றுவிட்டது. பதினைந்து நிமிடம் ஊற்றுப் பேனை தாளில் ஓடியது. றெஜினோல்ட் எழுத எழுத உரக்க வாசித்தார். யோகராஜ் இதைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து, கேட்காத இடத்திலும் பந்தி சேர்த்தார்.

"பேர் வாற இடமெல்லாம் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன். நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்."

"கோடு போட்டா அவரு பிழையா நிரப்பிப்போடுவாரே," என்றாள் கலாராணி.

டொரதி சுளகைக் கீழே வைத்தாள். "உங்க கந்தோர்ல நாலாம் கவுண்டருக்கு மேல ஒண்டு தொங்குமே, கண்ணாடி போட்டு? எப்பிடி நிரப்புறதெண்டு நிரப்பியே காட்டியிருப்பீங்களே."

றெஜினோல்ட் பேனையைக் கீழே வைத்தார். மாதிரிப் படிவம்! தொண்ணூற்றாறாம் ஆண்டு அவரே எழுதி, அவரே கண்ணாடி போட்டு, அவரே ஆணி அடித்து மாட்டியது. கச்சேரியில் ஒருவர்கூட அதைப் பாராட்டியதில்லை. டொரதி அந்தப் பக்கம் இரண்டு தடவைதான் வந்திருக்கிறாள். நினைவில் வைத்திருக்கிறாளே!

"நீ சொல்றது சரி. மாதிரி இல்லாமல் படிவம் குடுத்தாச் சனம் குழப்பும். யார் பேரைப் போட?"

"உங்க பேரையே போடுங்க. உங்க கையெழுத்துத்தானே வடிவு."

புதிய தாள் எடுத்தார். தன் பெயரைப் போட்டார். மனைவி என்று வந்த இடத்தில் டொரதியின் பெயரைப் போட்டார். வேன் புறப்படும் திகதியைக் கலாராணி சொல்ல, அதையும் போட்டார். அடியில் கையொப்பம். ஓய்வு பெற்றபோது கையோடு கொண்டுவந்த தன் பெயர் றப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, கோணாமல் குத்தினார். தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தபோது கண்ணாடி போட்டு மாட்டத் தோன்றியது.

"ரொம்ப நன்றிண்ணே," என்ற கலாராணிக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பத்துப் படியையும் ஓடி இறங்கினாள்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வந்ததும் றெஜினோல்ட் அலுமாரியைத் திறந்தார். இரண்டு போனையும் சார்ஜில் போட்டார். டொரதி குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய போனை எடுத்து அந்தக் குறூப்பைத் தேடிப் பிடித்தார். விபூதிப் புதனுக்கு முதல் நாளோடு பேச்சு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஒரு பூப் படம்கூட இல்லை.

குறூப் செத்துவிட்டது.

வென்றவருக்கு வர வேண்டிய சந்தோசம் வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. பாவம், எத்தனை ஆசையாகக் கேட்டாள். அந்த ஒன்பது பேரும் மன்னார்ப் பயணத்தை நாற்பது நாளில் மறந்துவிட்டார்களே! அன்று மாலை றெஜினோல்ட் எழுபத்துநாலு படி இறங்கி, பவாஸ் நாநாவின் வீட்டில் செய்த இனிப்பான வட்டலப்பம் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, எழுபத்துநாலு படி ஏறினார்.

"என்ன திடீரெண்டு?" என்றாள் டொரதி.

"சும்மாதான். சாப்பிடு."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாதியை வெட்டி அவருக்கு வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் எழும்பி வந்தபோது டொரதி நீலப் பட்டுச் சேலை கட்டி முன்னறையில் நின்றாள். காலடியில் பெரிய பெட்டி.

"எங்க போற?"

"மன்னாருக்கு."

"மன்னாருக்கா! குறூப்புல ஒரு மெசேஜும் இல்லையே!"

"பார்த்தீங்களா?"

"தற்செயலா..."

"மெசேஜ் எதுக்கு? குறூப்புல ஒண்டும் போட வேணாமெண்டு கலாராணி அண்டைக்கே எல்லாருக்கும் சொல்லிட்டா. அதான் கடிதம் எழுதினோமே. முப்பத்தொரு கடிதம். எல்லாம் நீங்கதானே கொண்டுபோய்ப் போட்டீங்க."

றெஜினோல்ட் பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார். "அது சரி... அனுமதி? யாரு அனுமதி தந்தது?"

டொரதி கைப்பையைத் திறந்தாள். மழை பட்டாலும் நனையாதபடி பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'1. அடியிற் கையொப்பமிடும் நான், எனது மனைவி திருமதி டொரதி றெஜினோல்ட் அவர்கள் மேற்படி பயணத்தை மேற்கொள்வதற்கு எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை என்பதோடு, இதனைப் பல வருடங்களுக்கு முன்னரே நான் செய்திருக்க வேண்டும் என்பதனையும் ஒப்புக்கொள்கிறேன்.

2. அவர் திரும்பி வரும்வரை சமையல், துவையல் உள்ளிட்ட சகல வீட்டுக் கருமங்களையும் நானே முகமலர்ச்சியுடன் நிறைவேற்றுவேன்.'

அதற்குக் கீழே இன்னும் மூன்று பந்தி இருந்தது. முப்பத்தாறு வருடம் மற்றவர்களின் கடிதத்தில் பிழை பிடித்தவர், இதிலும் தேடினார். ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், திருப்பி அனுப்பிவிடலாம். எழுத்து, தரிப்புக்குறி, திகதி, கையொப்பம், ஸ்டாம்ப் என்று இரண்டு முறை பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

"இது மாதிரிப் படிவம்! யோகராஜுக்கு எழுதின மாதிரிப் படிவம்! இது செல்லாது!"

"மாதிரி எண்டு எங்கயாவது எழுதியிருக்கிறீங்களா?"

இல்லை. தலைப்பில் சிவப்பு மையால் குறுக்கே எழுத வேண்டிய சொல். வாழ்க்கையில் முதல் தடவையாக மறந்திருந்தார்.

"யோகராஜ்...?"

"அவர் ஜனவரியிலயே சரி எண்டு சொல்லிட்டார். கறிக்குத் தூள் எங்க இருக்கெண்டு கேட்டு எழுதியும் வெச்சிட்டார்."

"அப்ப இந்தக் கடிதத்த யாரு கேட்டது?"

"யாரும் கேக்கல்ல. நான்தான் கேட்டேன்," என்றாள் டொரதி. தாளை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்தாள். "அரிசி சிவப்பு மூடி டின்னுல. பருப்பு மத்ததுல. கேத்தல் ஆளி கைபிடிக்குக் கீழ. மீன்காரன் எட்டு மணிக்குக் கீழ வருவான், ஏறிவர மாட்டான்."

அதற்குள் கீழே றோட்டில் ஹோர்ன் அடித்தது. வேன் கதவு இழுபடும் சத்தமும் ஒன்பது பெண்களின் சிரிப்பும் படி வழியாக ஏறி வந்தன. எல்லாவற்றுக்கும் மேலால் அனற்றின் குரல் கேட்டது.

"டொரதீ! இறங்கி வாடி! இல்லாட்டி உன்ன விட்டுட்டுப் போயிருவோம்!"

"வாறேன்டீ!"

டொரதி யன்னலால் தலையை நீட்டிக் கத்திய குரல் அது. கல்யாணம் கட்டி முப்பத்துமூன்று வருடத்தில் அந்தக் குரலை றெஜினோல்ட் கேட்டதில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் குரல். கத்திவிட்டு அவள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பெட்டியை எடுக்கக் குனிந்தாள்.

றெஜினோல்ட் அவள் கையை விலக்கினார். சாரத்தை மடித்துக் கட்டினார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.